அப்பாவின் இரண்டு கால்களிலும் வடக்கு

காங்ஸ்பெர்க்,
செப்டம்பர் 14

அன்பு மகள் இங்குன்னுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நாய் நலம், உன் அப்பாவின் வலது கால் நலம். இடது கால் நலமாகிக்கொண்டு வருகிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், மெல்போர்னுக்கே சமைத்துப் போடுகிறவள் தனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொள்ள மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவார், அதனால் அவர் மத்தியானம் கண் அசந்த நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

பாறைக்குள் ஓடுகிற தாது நரம்பும் மனுஷ உடம்பில் ஓடுகிற ரத்த நரம்பும் எப்படி உண்டாகின்றன, எப்படி அடைபடுகின்றன என்று பாறைப் படிப்புக்காரர் உன் அப்பாவும் சிக்னேவும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. சிக்னே பெரிய ஆஸ்பத்திரியில் கால் நரம்பு ஆபரேஷன் செய்கிற டாக்டர், கெட்டிக்காரி. அதற்கு நிதி எப்படிக் கிடைத்தது என்பதே ஒரு கதை. பாறைக்காரர்கள் குழு விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து, பாறைப் பகுதி சுமார்தான், ஆனால் உடம்புப் பகுதி பிரமாதம் என்றதாம், டாக்டர்கள் குழு அதையே தலைகீழாகச் சொன்னதாம், ஆக இரண்டு குழுவும் தங்களுக்குப் புரியாத பாதிக்கு மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. தொடக்க விழாவுக்கு ஒரு பாதி மலையாகவும் மறு பாதி மனுஷக் காலாகவும் பாதாம் மாவில் ஒரு கேக் செய்தார்கள். மலை நிமிஷத்தில் காலி. காலை ஒருத்தரும் தொடவில்லை, மிஞ்சியது நம் வீட்டுக்கு வந்தது, அந்த வாரம் முழுக்க நான் காப்பிக்குக் கணுக்கால் தின்றேன்.

இனி உன்னிடம் மறைத்த விஷயத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். ஜூன் மாதம் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்கு மேலே மலையில் அப்பாவின் இடது காலில் சுருண்டு கிடந்த நரம்பு ஒன்று பாறையில் உரசி உடைந்துவிட்டது. பூட்ஸ் நிறைய ரத்தம். கூடப் போனவர்கள் பதறியபோது இந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா, 'மொதல்ல ஒரு போட்டோ எடுங்கப்பா, அளவு தெரியணும், பக்கத்துல சுத்தியல வைங்க' என்றாராம். சுத்தியலோடு எடுத்த அந்தப் படத்தை இப்போது கருத்தரங்குகளில் போட்டுக் காட்டுகிறார். பூட்ஸைக் கழுவியது நான், அது எந்தப் படத்திலும் இல்லை. அடுத்த தடவை தனியாக இருக்கும்போது உடைந்தால் ஆள் பிழைக்க மாட்டார், நரம்பை அடைத்தே ஆக வேண்டும் என்று சிக்னே என்னிடம் நேராகவே சொன்னாள். அவரோ பாறையில் விரிசல் விட்டாலும் காலப்போக்கில் தானே நிரம்பி மூடிக்கொள்ளும், உடம்புக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றார். எவ்வளவு அவகாசம் என்று கேட்டேன். பாறைக்குச் சில லட்சம் வருஷம் ஆகும் என்றார். கடைசியில் சிக்னே, ஆராய்ச்சிக்கு ஒரு கால் தேவைப்படுகிறது, நல்ல கால் கிடைக்கவில்லை என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொல்லி வைத்தாள். அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார். நோயாளியாக வரச் சொன்னபோது வராதவர் ஆராய்ச்சி மாதிரியாக வரச் சொன்னதும் தலையை வாரிக்கொண்டு கிளம்பினார்.

போன வியாழக்கிழமை ஆபரேஷன். படுத்தால் இந்த நரம்புகள் அடங்கி எங்கே இருக்கின்றன என்றே தெரியாதாம், அதனால் முதலில் ஆளை நிற்க வைத்துப் பேனாவால் காலிலேயே வரைந்துகொள்வார்கள். சிக்னே இடது காலில் அழகாக வரைந்துவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள், அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. எந்தக் கல்லையும் வடக்கு எது, மேல் எது என்று குறிக்காமல் மலையிலிருந்து எடுக்காதவர் உன் அப்பா. சட்டைப் பையில் திசைகாட்டி வேறு. இடது காலில் வடக்கு நோக்கி ஒரு அம்பு போட்டாராம், அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டாமா என்று வலது காலிலும் நரம்பு நரம்பாக வரைந்து அதற்கும் ஒரு அம்பு. சிக்னே வரைந்ததைவிட இவர் வரைந்தது சுத்தமாக இருந்ததாம், நர்ஸ் ஒத்வார் சொன்னான். ஆளைப் படுக்க வைத்துப் பார்த்தால் இரண்டு காலும் ரோட்டு மேப். சிக்னேவுக்கு எந்தக் கால் என்று நன்றாகத் தெரியும், ஆனால் காகிதமும் காலும் நோயாளியின் வாயும் ஒன்றையே சொல்லாவிட்டால் கத்தியைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். 'இடதா, வலதா, நீங்களே வாயால சொல்லிடுங்க டோர்கெய்ர்' என்று ஒத்வார் கேட்டிருக்கிறான். இவர், 'எந்தப் பக்கம் நின்னு பாக்குறே, அதச் சொல்லு மொதல்ல' என்றிருக்கிறார்.

எல்லாம் நின்றுபோயிற்று. இன்றைக்கு நடக்காவிட்டால் அடுத்த முறை வசந்த காலத்தில்தான் என்றார்கள். அதற்குள் இவர் மலையேறிவிடுவார், மறுபடி அந்தப் படுக்கைக்கு வரவே மாட்டார் என்று எனக்கும் தெரியும் சிக்னேவுக்கும் தெரியும். அதனால் என் தலையில் ஒரு காகிதத் தொப்பியை மாட்டி உள்ளே கூப்பிட்டார்கள். இவர் மல்லாந்து படுத்துக்கொண்டு, நிற்கும் இடத்தைப் பொறுத்து இடமும் வலமும் மாறும் என்று ஒத்வாருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஏனோ அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், 'உங்க பூட்ஸ இன்னொரு தடவ என்னால கழுவ முடியாது, எனக்குப் பயமா இருக்கு.' அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு இடது காலை ஒரு விரற்கடை தூக்கி, 'இடது. இந்தக் கால்தான், அஸ்லாவ். எனக்கும் பயமாத்தான் இருக்கு' என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்தும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுநாளே பழைய ஆள் ஆகிவிட்டார். தினமும் நடக்க வேண்டும் என்றால் முடியாது என்கிறார், ஆராய்ச்சிக்குக் கணக்கு வேண்டும் என்றால் நாயை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை போகிறார். நாய்க்குத்தான் கால் வலி. நீ உடனே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே, கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும், வரும்போது எனக்கு எதுவும் வாங்காதே, போன தடவை வாங்கி வந்த கங்காரு பொம்மையே உறை பிரிக்காமல் கிடக்கிறது. வேலை நடுவே உட்கார ஒரு முக்காலி கேள், முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். உன் கை கால் ஒரு குறையும் இல்லாமல், நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நல்ல மனுஷர்கள் நடுவில் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த நரம்புச் சுருட்டு குடும்பத்தில் வழிவழியாக வரும், நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களை முதலில் பிடிக்கும் என்று சிக்னே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதிலிருந்து உன் அப்பாவுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் வந்து, ஆராய்ச்சிக்குத் தென் அரைக்கோளத்திலிருந்து ஒரு மாதிரி குறைகிறது, உன் காலைக் கேமராவில் காட்டு என்று கேட்பார். சிரிக்காதே, வேலை இருக்கிறது என்று வைத்துவிடாதே. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு இரண்டு காலையும் திருப்பித் திருப்பிக் காட்டு, போதும் என்று அவராகச் சொல்லும் வரை காட்டிக்கொண்டிரு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா அஸ்லாவ்