முந்நூற்றுப் பதினேழாம் நம்பர்

ஹாலிஎல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

அப்பா சுகம். நீயும் மெல்போர்ன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். நான் சுகமா என்று மட்டும் எழுதவில்லை, அதற்குக் காரணம் பின்னால் வருகிறது, பயந்துவிடாதே. தினமும் போனில் பார்க்கிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்தக் காம்பராவில் ரகசியம் பேச முடியுமா, நீயே சொல். நடுச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, நான் இங்கே தும்மினால் பக்கத்துக் காம்பராவிலிருந்து விஜயலெட்சுமி ஆயுசு நூறு என்கிறாள். பேச வேண்டியதே அவளைப் பற்றித்தான். மழையும் விட்டபாடில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எழும்பிப் போங்கள் என்று வந்து சொன்னவர்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை. மழை பலத்தால் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார், தான் நின்றால் மலையும் நிற்கும் என்று நினைப்பு. இருமல் மருந்தைக் குடிக்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உங்கள் யூனிவர்சிட்டிக்காகச் சில பிள்ளைகள் நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், அந்த ஆராய்ச்சி என்று ரத்தம் எடுக்க வந்தார்கள் இல்லையா. நம்ம சுபா வேலை செய்கிற இடம் என்று நான்தான் லயம் லயமாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தேன், சம்மதப் பேப்பரையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம், மறக்காத நம்பர் ஒன்று சொன்னால் போதும் என்றார்கள். தோட்டத்தில் எங்களுக்கு மறக்காத நம்பர் வேறு என்ன இருக்கிறது, வேலைக்குப் பேர் போடவும் சம்பளம் வாங்கவும் கூப்பிடுகிற செக்ரோல் நம்பரைத்தான் எல்லாரும் சொன்னோம். அந்தப் பிள்ளைகள் அதை அப்படியே ரத்தக் குப்பிகளில் ஒட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம் நீ களைத்துப் போய்ப் பேசும்போது, சீனியைத் தேடப்போன இடத்தில் ஒருத்தர் ரத்தத்தில் வேறொன்று தெரிகிறது அம்மா, மார்பில் புற்றுநோய் வரக்கூடிய மாதிரி பிறப்பிலேயே ஒரு மாற்றம், முந்நூற்றுப் பதினேழு, யாரோ பாவம் என்றாய். உனக்கு அது யாரோ. எனக்கு அது விஜயா. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதெல்லாம் அந்த நம்பரைக் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் பையை இறக்குகிறவள் அவள். நல்ல வேளை, அன்றைக்கு அவள் சந்தைக்குப் போயிருந்தாள்.

அது விஜயாவின் நம்பர் என்று நான் சொன்னதும் உன் முகம் வெளுத்துப் போனது. இது வெளியே தெரிந்தால் என் படிப்பும் வேலையும் போய்விடும், முடிவு சொல்ல மாட்டோம் என்றுதான் பேப்பரில் இருக்கிறது, அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றாய். போட்டார்கள், என் பேச்சை நம்பிப் போட்டார்கள். அன்றிலிருந்து நான் பொறியில் மாட்டிய எலியாக இருக்கிறேன். மலையில் இன்னும் அந்த ரத்தம் எடுத்த பேச்சுதான். நம்ம ரத்தத்த வச்சு மருந்து செஞ்சு நமக்கே விக்கப் போறாங்க பாருங்க என்று கிருஷ்ணராஜ் கங்காணி கிளப்பிவிடுகிறார். விஜயா விடுவாளா, நான் கொழும்பையே பாத்ததில்ல கங்காணி, என் ரத்தம் பிளேன்ல ஏறிருச்சு, அது போதும் என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நான் கொழுந்தைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்கா நெஞ்சைக் காட்டிட்டு வருவோமா விஜயா என்று கேட்டேன். எனக்கு எதாச்சும் இருந்தா நம்ம சுபா சொல்லாமயா இருக்கும், ஒண்ணும் சொல்லலன்னா நல்லா இருக்கேன்னுதானே அக்கா என்று சொல்லிவிட்டாள். கேட்டாயா மகளே. நீ வாய் திறக்காமல் இருப்பதையே அவள் டாக்டர் சொன்ன மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னால் உன்னைக் கெடுத்தவள் ஆவேன், சொல்லாவிட்டால் அவளைக் கெடுத்தவள் ஆவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தன் மகளைத் திட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வருகிறது, அந்தப் பிள்ளைக்கும் அது போயிருக்கலாம் என்று நீதானே சொன்னாய்.

இதற்கு நடுவில் புதன்கிழமை போன் எடுத்து, கம்பெனி மாறினப்ப நம்பரெல்லாம் மாத்திட்டாங்கல்ல அம்மா, உங்க புது நம்பர் என்ன, நான் பார்த்துச் சொல்றேன் என்று மெதுவாகக் கேட்டாய். என் கூடப்பிறந்த உன் பெரியம்மா மார்புப் புற்றுநோயில் போனது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை, குளிக்கும்போது கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பெற்றவளுக்கு வளைகிற சட்டம் பக்கத்துக் காம்பராவுக்கு ஏன் வளையாது? நீ உன் புரொபசரிடம் போய் நம்பரில் நடந்த பிழையைச் சொல். ஒரு டாக்டரை அனுப்பி, ரத்தத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று இந்தப் பெண்களையே கேட்கச் சொல். வேண்டாம் என்கிறவளை விட்டுவிடட்டும், அது அவள் இஷ்டம். திட்டினால் வாங்கிக்கொள், அம்மாவிடம் வாங்காத திட்டா. அதுவரைக்கும் என் நம்பரை உனக்குத் தரமாட்டேன். அப்பாவைக் கேட்டும் பயனில்லை, காரணம் சொல்லாமலே சத்தியம் வாங்கிவிட்டேன், நான் அந்த நம்பரில் லொத்தர் பரிசுச் சீட்டு எடுத்திருப்பதாக நினைத்து மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார்.

மாரியம்மன் உன்னைக் கைவிடமாட்டாள், தீர்க்காயுசாக இரு. காலுக்குக் கம்பளி மேஸ் போட்டுக்கொண்டு தூங்கு. இதோடு வருகிற பார்சலில் இருக்கும் முறுக்கு விஜயா உனக்கென்று சுட்டுத் தந்தது. மறக்காமல் அவளுக்கே போன் எடுத்துக் கிடைத்தது என்று சொல், சித்தி சுகமா என்று கேள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லுவாள். அதைக் கேட்ட பிறகு உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ செய்.

இப்படிக்கு,
நம்பர் எழுதாத உன் அம்மா,
சி. பாக்கியலெட்சுமி.