நீரும் நாமும்: மூன்று நாள் கருத்தரங்கு

மே 6
ஏற்காட்டில் சீசன். நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் இடமில்லை. என் வீட்டிலும் இல்லை. மேனகா அக்கா டெல்டாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கிவிட்டாள். கோடை விடுமுறையாம். விடுமுறைக்கு யாராவது தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு வருவார்களா?

மே 7
கேட்டேன். மாமாவின் வயலை ஒட்டி எரிவாயுக் கிணறு. வாயுவோடு பூமிக்கடியிலிருந்து உப்புத்தண்ணீரும் வருமாம். குழி வெட்டித் தேக்குவார்களாம். போன ஐப்பசி மழையில் கரை உடைந்து எல்லாம் வயலுக்குள். பயிர் கருகிவிட்டது. இப்போது போர்வெல் தண்ணீரும் கரிக்கிறது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பார்ப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மே 10
ஆண்டவனுக்குக் குசும்பு அதிகம். அதே கம்பெனி எங்கள் ஹோட்டலில் கருத்தரங்கு நடத்துகிறது. தலைப்பு 'நீரும் நாமும்'. ஹால் பொறுப்பு என்னுடையது, பேனர் கட்டியதும் நானே. வந்தவர்கள் எங்கள் ஃபில்டர் தண்ணீரைத் தொடவில்லை, பாட்டில்தான். நீரின் மேல் அவ்வளவு மரியாதை.

மே 11
அக்காவிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீ இடைவேளையில் ஹாலுக்குள் வந்து நிற்கிறாள்! மேடையில் பேசி இறங்கிய கம்பெனி அதிகாரியிடம் நேராகப் போனாள்.
"ஏனுங்க, எங்க வயல்ல உப்பு எப்பப் போகும்? அத மட்டும் சொல்லுங்க."
"நல்ல மழை பேஞ்சா சரியாயிடும்மா."
"மழை பேஞ்சுதானுங்க அந்தக் குழியே ஒடஞ்சுச்சு."
யாரும் பிஸ்கட்கூடக் கடிக்கவில்லை. எங்கள் ஹோட்டல் மேனேஜர் ஹரிஹரன் என்னிடம் வந்து, "யாருங்க அந்தம்மா?" என்றார்.
தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "எங்கக்காங்க"ன்னுட்டேன். வேலை போனாப் போவுது போ.

மே 12
போகவில்லை. சீசனில் ஆள் கிடைக்காதே. ஹாலிலிருந்து தோட்டப் பொறுப்புக்கு மாற்றம். பூக்களுக்குப் பேனர் கட்ட வேண்டாம் — நிம்மதி. அதிகாரி அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். கூப்பிடுவாராம்.

ஜூன் 2
கூப்பிடவில்லை.

ஜூன் 14
பிள்ளைகளை இங்கேயே நாகலூர் பள்ளியில் சேர்த்தாயிற்று. "ஒரு வருசந்தான் கண்ணு," என்றாள் அக்கா. தலையாட்டினேன்.

ஜூலை 9
மாமாவும் வந்துவிட்டார். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று ஹரிஹரனிடம் கேட்டு, அவரை நான்தான் சேர்த்துவிட்டேன். நெல் விளைத்த சம்சாரி இப்போது டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்க டேலியாப் பூ வளர்க்கிறார். இதைக் கிண்டலாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.
காலையில் ஹோஸைத் திறந்தவர், தண்ணீரைச் செடிக்கு விடவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் விட்டார்.
அடுத்த பாத்திக்குப் போனதும், மறுபடியும் கையை நீட்டினார்.