முதலாளியம்மாவின் குண்டு பல்பு

நான் இல்லாத பட்டறையை நடத்துற முதலாளியம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் எழுதுறது. இங்க வெளிநாட்டுல நான் சௌக்கியம். சின்னவளுக்கு இருமல் நின்னுச்சா? அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாங்களா?

காயலான் கடைக்குப் போக வேண்டிய ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு பல்பை எரியவிட்டு, வெல்டிங் ராடு நமத்துப்போகாம அடுக்கி வச்சு போட்டோ அனுப்பினியே, அதை இங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். "என் வீட்டுக்காரி மூளை"ன்னு மார் தட்டிக்கிட்டு எங்க கம்பெனி ஸ்டோர்லயும் ஒண்ணு செஞ்சேன். ஓட்டை ஃபிரிட்ஜ், புது எல்இடி பல்பு. நாலு நாள் கழிச்சு அந்த ராடை எடுத்துப் பத்தவச்சா படபடன்னு தெறிக்குது, பத்தவச்ச இடமெல்லாம் சல்லடை மாதிரி பொத்தல்.

ஃபோர்மேன் பல்பைத் தொட்டுப் பார்த்தார். "வெளிச்சத்துலயா ராடு காயும்? சூடு வேணாமா? அந்தப் போட்டோவை இன்னொரு தடவை காட்டு."

காட்டினேன். நீ போட்டிருந்தது மஞ்சளா எரியுற குண்டு பல்பு! பதினஞ்சு வருஷமா வெல்டிங் பண்றவன் நான், கடையில ஒரு பல்பு வாங்கினேன், ஃபோர்மேன்கிட்ட ஒரு பல்பு வாங்கினேன். "நீ ஊருக்குப் போ, அவங்களை வேலைக்கு வரச் சொல்லு"ன்னார். எனக்குக் கோபமே வரலை, அவ்வளவு பெருமை.

குண்டு பல்பு இங்க எந்தக் கடையிலயும் கிடைக்கல. லீவு முடிஞ்சு இங்க திரும்புற எங்க கம்பெனி பெயிண்டர்கிட்ட ரெண்டு கொடுத்துவிடு. நீ கட்டின பழைய சேலையில சுத்திக் கொடு.

வண்டி வந்துடுச்சு, ஹாரன் அடிக்கிறான். பல்பு உடைஞ்சாக்கூடப் பரவாயில்ல, வேற துணியில மட்டும் சுத்திடாதே.