கடலைத் தோலும் இரண்டாம் கொலோனாஸ்கோபியும்

வெள்ளி, 6

காலையிலிருந்து மழை. எதிரே குன்று தெரியவில்லை.

திங்களன்று கொலோனாஸ்கோபி, இரண்டாம் முறை. பெருங்குடலுக்குள் கேமரா. போன மாதம் முதல் முறை, தோல்வி. நடந்தது இது: முந்தின நாள், ஆஸ்பத்திரித் தாளில் போட்டபடி வெறும் தண்ணீர் ஆகாரம். மாலையில் மனைவி சரசுவோடு கோயிலுக்குப் போனேன். சுண்டல் தந்தார்கள். கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டேன். பிரசாதம் சாப்பாட்டில் சேராது என்று ஐம்பத்தெட்டு வருடமாக நம்பியவன். குடலுக்கு அந்த நம்பிக்கை இல்லை. மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டினார். கடலைத் தோல், வழி நெடுக.

"சார், இதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியல. மறுபடியும் வாங்க."

பின்னால் இருப்பதுதானே கேள்வி. மூன்று மாதமாக ரத்தம் போகிறது. என் அண்ணனுக்கும் இப்படித்தான். மூலம் என்று ஒரு வருடம் களிம்பு பூசினார். பத்து காஜா ஊர்ச் சுடுகாட்டில் எரித்தோம். அப்போது அவருக்கு என் வயது.

அண்ணன் பேச்சைச் சரசு எடுப்பதில்லை. நானும் இல்லை. கடலையைப் பற்றியே பேசுகிறோம்.

சனி, 7

கூடும்: வெள்ளை ரொட்டி, சோறு, மீன், முட்டை.
கூடாது: கீரை, பருப்பு, விதையுள்ள எதுவும், சிவப்புச் சிராப் பானம் (உள்ளே ரத்தம் மாதிரி தெரியுமாம்).
கோயில் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை. சரசு பேனாவால் சேர்த்துவிட்டாள்.

அவள் தம்பி மணியம் தெலுக் இந்தானிலிருந்து வந்துவிட்டான். மயக்க ஊசி போடுவதால் வீட்டுக்கு அழைத்துவர ஆள் வேண்டும். வந்ததும் என் எதிரிலேயே வேர்க்கடலை தூவிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"மச்சான், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க."

ஞாயிறு, 8

வெயில். தே ஓ என்கிற பாலில்லாத் தேநீர், வடிகட்டிய சூப், மறுபடி தே ஓ.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கோயில் பொங்கலோடு வாசலில். சரசு கேட்டைத் திறக்கவே இல்லை.

"சாமி கோவிச்சுக்காதுக்கா. டாக்டர் கோவிச்சுக்குவாரு லா."

ஆறு மணி. மருந்துத் தூள் கரைத்த முதல் லிட்டர். ஆரஞ்சு மிட்டாயைக் கடலில் கழுவிய சுவை.
6.50: அமைதி.
7.10: அமைதி முடிந்தது.
அதன்பின் எழுத நேரமில்லை. மணியம் கதவுக்கு வெளியே நின்று கேட்டான்.

"மச்சான், இருக்கீங்களா?"

"கொஞ்சம்தான் மிச்சம்."

திங்கள், 9

காலை ஐந்து மணி, இரண்டாம் லிட்டர். ஆறரைக்கு வெளிவந்தது வெளிர் மஞ்சள், தெளிவு. சரசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முப்பது வருடத் தாம்பத்தியம்.

"பரவால்ல, அடி தெரியுது" என்றாள். எளிதில் பாராட்டுகிறவள் அல்ல.

ஆஸ்பத்திரி. நேற்று என்ன சாப்பிட்டேன் என்று நர்ஸ் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

"கோயிலுக்குப் போனீங்களா அங்கிள்?"

கதை பரவியிருக்கிறது.

இடப்பக்கம் படுக்கை. கையில் ஊசி. அண்ணன் முகம். பிறகு எதுவும் இல்லை.

விழித்தபோது டாக்டர் பக்கத்தில். "ரொம்ப கிளீன் சார். இந்த மாசம் பார்த்ததிலேயே உங்களோடதுதான் பெஸ்ட். ரத்தம் வந்த இடம் கிடைச்சிருச்சு. ரெண்டு சின்ன சதை வளர்ச்சி. வெட்டி எடுத்தாச்சு. லேபுக்குப் போகுது."

"எங்கண்ணனுக்கு வந்ததா?"

"விட்டிருந்தா ஒருநாள் ஆகியிருக்கும். போன மாசத் தோலுக்குப் பின்னாலதான் ஒண்ணு உக்காந்திருந்துச்சு."

மணியம் கார் ஓட்டினான். சிம்பாங் பூலாய் வரை வந்தபின், "மச்சான், பசிக்குதா?" என்றான். மூன்று தோசை.

வெள்ளி, 20

லேப் முடிவு: புற்றுநோய் இல்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்.

அறிக்கையில் ஒரு வரி, குடல் தயாரிப்பு: மிக நன்று. ஆறாம் வகுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் மிக நன்று. சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்றேன். சரசு சுவரில் இடம் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு, கோயிலுக்குக் கிளம்பச் சொன்னாள்.

சுண்டல். அண்ணன் பங்கையும் கேட்டு வாங்கினேன். தோலோடு, நன்றாக மென்று.