கரகத்துக்கு அடியில் இருந்த கடுதாசி

பள்ளங்கி,
மே 28, புதன்கிழமை.

அன்புப் பேத்தி மேனகாவுக்கு உன் அப்பாயி எழுதிக்கொள்வது. என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர வீட்டில் எல்லோரும் சுகம். மெட்ராஸ் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது அந்த மாரியம்மனுக்குத்தான் தெரியும், நீ போனை எடுத்து ஒரு வாரமாகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே சீசன் கூட்டம் இன்னும் வடியவில்லை, இ-பாஸ் வாங்கித்தான் வண்டி ஏறுகிறது என்றாலும் கோடைக்கானல் ஏரிப் பக்கம் அடி எடுத்து வைக்க முடியவில்லை என்று வேனை நிறுத்திவிட்டு வந்ததும் உன் அப்பா யோகராஜ் சலித்துக்கொள்கிறான். உன் அம்மா தேவகுமாரி பீன்ஸ் பறிப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் காட்டு மாடு இறங்கி நம் வேலியைத் தள்ளிவிட்டது, கொடி பாதி மிதிபட்டுப் போச்சு, மீதி பாதி காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

நீ உன் அப்பாவுக்குப் போனில் போட்ட செய்தியை அவன் எனக்கும் வாசித்துக் காட்டினான். எட்டு மாதமாக அலைகிறேன், பதினோரு இடத்தில் இல்லை என்றுவிட்டார்கள், பிடித்திருந்த மண் பரிசோதனைக் கூடத்தில் கூடப் படித்தவளைக் கூப்பிட்டார்கள் என்னைக் கூப்பிடவே இல்லை, எனக்கு ராசி கிடையாது, இனி எங்கேயும் எழுதிப் போடப் போவதில்லை, ஒன்றாம் தேதியிலிருந்து துணிக்கடையில் நிற்கப் போகிறேன் என்று போட்டிருந்தாய். துணிக்கடையை நான் தாழ்வாகச் சொல்லமாட்டேன், நின்று உழைக்கிற கால் எதுவும் தாழ்வில்லை. ஆனால் அந்தச் செய்தியில் ஒன்று உண்மையில்லை மேனகா. மண் பரிசோதனைக் கூடத்தில் உன்னைக் கூப்பிட்டார்கள். கடுதாசி வந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

சுற்றி வளைக்காமல் நடந்ததை எழுதுகிறேன், நீயும் பாதியில் மடித்து வைக்காமல் படி. ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தபால்காரர் முத்துராஜ் சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டுச் சேற்றில் ஏறி வந்து, “அப்பாயி, ஒங்க பேத்தி பேருக்கு ஆபீஸ் கடுதாசி, நனையாம கொண்டாந்திருக்கேன், காப்பித்தண்ணி உண்டா” என்று கேட்டுக் கொடுத்தார். உறையில் இங்கிலீஷில் உன் பேரும், மூலையில் அவர்கள் முத்திரையும் இருந்தது. உன் பேரை இங்கிலீஷில் எழுதியிருந்தால் எனக்குத் தெரியும், உன் சர்டிபிகேட்டில் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அந்தக் கூடத்துப் பெரியவர் தபாலில் கூப்பிட்டால்தான் கூப்பிட்டதாகும் என்கிறவராம், அதனால்தான் போனில் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது வேலைக் கடுதாசி என்ற ஒன்றுதான் தெரிந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்று சாயங்காலம் நம் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு.

நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும், பெரிய காகிதம் எது வந்தாலும் அம்மன் காலடியில் வைத்துத்தான் எடுப்போம். இலங்கையில் தேயிலை எஸ்டேட் லயத்தில் குடியிருந்தபோது எங்களுக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்த அன்றும் என் அப்பா கரகத்துக்கு அடியில், நெல்லுக்குள் வைத்துத்தான் எடுத்தார், அதற்கப்புறம்தான் கப்பல் ஏறினோம். நானும் அதே மாதிரி, பூசாரி கரகத்தை இறக்கி வைக்கிற நேரம் பார்த்து, உறையைப் பிரிக்காமல் நெல்லுக்குள் செருகினேன். எட்டாம் நாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் ஊர் முன்னால் எடுத்துப் பிரித்து, அங்கிருந்தே உனக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும் என்று ஆசை. குழாயடியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, அதுவும் இல்லை. என் பேத்திக்கு அம்மன் ஒன்று வைத்திருக்கிறாள், புதன்கிழமை பாருங்கள் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். கரகம் இறக்கிய பிறகு எட்டு நாளைக்கு அதை யாரும் அசைக்கக் கூடாது. என் அப்பா அந்தக் காலத்தில் கப்பல் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டு வைத்தார். நான் படிக்காமல் வைத்தேன். வழக்கத்தில் பிழையில்லை, வைத்தவளிடம்தான் பிழை.

பதினான்காம் தேதி எடுத்தேன். ஊர் முன்னால் பிரிப்பதற்கு முன் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று பக்கத்து வீட்டுப் பிரியாவிடம் கொடுத்தேன், ஒன்பதாவது படிக்கிறாளே அவளிடம். அவள் படித்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். “அப்பாயி, இது பன்னெண்டாம் தேதிக்குல்ல வரச் சொல்லியிருக்கு, முந்தாநாளே முடிஞ்சு போச்சு” என்றாள். அவளை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கடுதாசியை அரிசி டிரம்முக்குள் போட்டேன். குழாயடியில் என் பழைய கூட்டாளி சண்முகவள்ளி, “என்னடி மாரியாயி, புதன்கெழம பாருங்கன்னே, நானும் வெள்ளனே இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணையும் காணோம்” என்று கேட்டபோதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதினாறாம் தேதி நீயே போன் போட்டு, வீட்டுக்கு எனக்குக் கடுதாசி ஏதாவது வந்ததா அப்பாயி என்று கேட்டாய். ஒன்றும் வரவில்லையே தாயி என்றேன். கரகத்துக்கு அடியில் வைத்தது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது. இதற்கு நான் மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கப்படுகிறேன்.

உன் செய்தியை உன் அப்பா வாசித்தபோது, ராசி கிடையாது என்ற இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அரிசிக்குள்ளிருந்து எடுத்துவந்து அவன் மடியில் போட்டேன். அவன் அதைப் பிரித்துத் தேதியைப் பார்த்தான். உன் அம்மாதான் பேசினாள். “அத்தே, காட்டு மாடு வேலியத்தான் தள்ளுச்சு. நீங்க வீட்டையே தள்ளிட்டீங்களே” என்றாள். அவள் சொன்னது சரிதான். உன் அப்பா உடனே உனக்குப் போன் போட்டான், நீ எடுக்கவில்லை. செய்தியாவது போட்டுவிடுகிறேன் என்றவனை நான்தான் தடுத்தேன். முடிந்துபோன தேதியைச் சொல்லி அவளை இன்னொரு தடவை அழவைக்கவா, நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன், நல்லதோ கெட்டதோ முழுசாகச் சொல்வோம் என்றேன்.

நேற்று முன்தினம் முதல் பஸ் பிடித்துக் கோடைக்குப் போய், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தேன். அந்த மண் பரிசோதனைக் கூடத்து வாசலில் இருந்த வாட்ச்மேன் என் மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு, “மண்ணு குடுக்க வந்தீங்களா பாட்டி, அந்தப் பக்கம் ஜன்னல்ல குடுங்க” என்றார். “மண்ணு கொண்டாரலப்பா, ஒருத்தி தலையில அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கேன், பெரியவுகளப் பாக்கணும்” என்றேன். என்ன நினைத்தாரோ, உள்ளே விட்டுவிட்டார். வடிவு என்று ஒரு மேடம், ஐம்பது வயசு இருக்கும், வேலைக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு அவர்களிடம்தானாம், அவர்கள் விரல் இடுக்கிலும் செம்மண் இருந்தது. தேதி முடிந்துவிட்டதே அம்மா, வராதவர்கள் காகிதத்தை எடுத்துக் கட்டிவிட்டோமே என்று முதலில் சொன்னார்கள். நான் உட்காராமலே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கரகம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்கள். “கரகத்துக்கு அடியிலயா வச்சீங்க?” “ஆமாங்க, நெல்லுக்குள்ள.” “நடுவுல எடுக்கத் தோணலையா?” “எடுக்கக் கூடாதுங்களே.” “ஆமா, எங்க ஊர்லயும் எடுக்க விடமாட்டாங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

அப்புறம் கட்டை அவிழ்த்து உன் காகிதத்தை எடுத்தார்கள். மேனகா, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். “நூத்தியெண்பது பேர் எழுதிப் போட்டாங்கம்மா, அதுல ஒம்பது பேரைத்தான் கூப்பிட்டோம், ஒங்க பேத்தி பேரு மூணாவது. மலைத்தோட்டத்து மண்ணைப் பத்தி அவ எழுதியிருந்ததைப் பெரியவரே கேட்டு வாங்கிப் படிச்சாரு.” நீ நம் பீன்ஸ் காட்டு மண்ணைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் காலேஜுக்குத் தூக்கிப் போனதற்கு உன் அம்மா திட்டினாளே, அதைத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பேத்தி எழுதியதை ஒரு பெரிய மனுஷர் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். இதை நான் குழாயடியில் சொல்லத்தான் போகிறேன், அதற்கு மட்டும் என்னைத் தடுக்காதே.

மூன்று இடத்தில் இரண்டுக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். மூன்றாவதற்கு யாரும் சரிப்படாததால் வருகிற ஜூன் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாலு பேரை மறுபடி கூப்பிடுகிறார்களாம். முன்பு வராததற்குக் காரணத்தை உன் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்தால் உன்னையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வேலை உறுதி என்று சொல்லவில்லை, அதை நானும் கூட்டிச் சொல்லமாட்டேன். அங்கிருந்த கிளார்க் ஒருவர் நல்லவர்தான், “தபால் தாமதம்னு ஒரு வரி எழுதிடச் சொல்லுங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, சோலி முடிஞ்சுது” என்றார். அப்படி எழுதாதே. முத்துராஜ் அந்த மழையில் சொன்ன நாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவருக்குக் காப்பித்தண்ணி கொடுத்தேன், பழியையும் சேர்த்துக் கொடுக்க முடியாது.

இனி உன் ராசியைப் பற்றி. இலங்கை எஸ்டேட்டில் வெள்ளனே பெரட்டு என்று ஒன்று உண்டு, எல்லோரும் வந்து நிற்பார்கள், கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார், நின்றவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கும். இங்கே வந்த பிறகு ரோட்டு முக்கில் நிற்க வேண்டும், தோட்டத்து ஜீப் வரும், ஆளைப் பார்த்து ஏற்றிக்கொண்டு மீதிப் பேரை விட்டுவிட்டுப் போய்விடும். என்னை முதல் தடவை விட்டுவிட்டுப் போன அன்று தூக்குச்சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். சண்முகவள்ளிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஏடி, ஒன் கை செத்துப் போச்சுன்னா வுட்டுட்டுப் போறான்? ஜீப்புல எடம் பத்தல. ஒக்காரு, சட்டியத் தெற, கொண்டாந்த சோத்த அப்படியே தூக்கிட்டுப் போனா வீட்ல இருக்கிறவுக மொகத்தப் பாக்க முடியாதுடி” என்றாள். விடப்பட்ட ஐந்து பேரும் காலை ஏழு மணிக்கு ரோட்டோரம் உட்கார்ந்து பகல் சோற்றைப் பங்கு வைத்துச் சாப்பிட்டோம். அன்றிலிருந்து அதுதான் எங்களுக்குள் கட்டுப்பாடு, விடப்பட்டவள் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. பகலில் பசிக்கும், அது வேறு. நீ பதினோரு தடவையும் தனியாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போயிருக்கிறாய். இனி அப்படிச் செய்யாதே. எங்காவது இல்லை என்றுவிட்டால் அந்த வாசலிலிருந்தே வீட்டுக்குப் போன் போடு, நாங்கள் புத்தி எதுவும் சொல்லமாட்டோம், நீ இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்போம். பதினோரு ஜீப்பில் இடம் பத்தவில்லை. பன்னிரண்டாவதில் இடம் இருந்தது, மறித்துக்கொண்டு நின்றது உன் அப்பாயி. இதில் ராசி எங்கே வந்தது.

அவர்கள் கடுதாசியை இதோடு வைத்திருக்கிறேன், மஞ்சள் பட்டிருக்கிறது, துடைக்கப் பார்த்தேன் போகவில்லை. தனித்தாளில் நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பேத்தி மேனகாவுக்கு வந்த கடிதத்தை அவளுக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தது நான், அவள் கேட்டபோதும் இல்லை என்று சொன்னேன், தபால்காரர் மேலும் அவள் மேலும் தவறில்லை என்று மூன்று வரி. பிழை இருந்தால் திருத்தாதே, அப்படியே கொடு. நான் கூட வரவில்லை. வந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ தபால் தாமதம் என்று எழுதிவிடுவாய். இதை எழுதி முடித்ததும் உன் அப்பா கோடைக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் போடுவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னிடமிருந்து ஒரு சொல் வராவிட்டால் அவனே மெட்ராஸ் பஸ் ஏறுவான், அதற்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

துணிக்கடைக்காரரிடம் பத்து நாள் தவணை கேள். ஒன்பதாம் தேதி வந்து அந்த நாற்காலியில் உட்கார். கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் அது அவர்கள் சொன்ன இல்லையாக இருக்கட்டும் மேனகா, நான் சொன்ன இல்லையாக இருக்க வேண்டாம்.

எட்டாம் தேதி பஸ் ஏறும்போது அசல் சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள், மேலே சாமான் வைக்கிற இடத்தில் வைக்காதே. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா வேனோடு நிற்பான். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பத்தாம் தேதி வீட்டுக்கு வந்து நேரில் திட்டு, அதுவரை அதைச் சாப்பாட்டில் காட்டாதே. மாரியம்மன் உனக்கு முன்னால் நடக்கட்டும், நீ தொட்டதெல்லாம் விளங்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு வந்ததை மறைத்தவளும் உன்னை நம்புகிறவளுமான
உன் அப்பாயி,
பெ. மாரியாயி.