புல்மேட்டுக்கு ஜீப் போகும் வழி

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒரு வங்கி அதிகாரி. ஆளைப் பார்த்தால் மலையையே புரட்டிவிடுவார் போலிருந்தது. எதிரே ஒரு சைக்கிள் வந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் பக்கத்தில் ஒரு பிரேக் இருந்ததால் சைக்கிள்காரன் பிழைத்தான். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான் மேடம்" என்கிறார். இத்தனை வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், இப்படி ஒரு தைரியத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்குச் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வருகிறது. அந்த ஒரு பக்கம் நன்றாகவே சிரித்தது. அப்புறம் சொன்னார், மத்தியானம் மீசை போன் செய்தாராம். மீசை எங்கள் ஜீப் கிளப்பின் தலைவர். மலைமேல் நாங்கள் வழக்கமாகப் போகும் புல்மேட்டை வண்டிகளுக்கு மூடிவிட வனத்துறை யோசிக்கிறதாம். அடுத்த மாதம் கூட்டம் போட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்பார்களாம்.

"மூடினா மூடட்டும், விடு" என்றார். மூடட்டும் என்கிற முகமாக அது இல்லை.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருவதற்கே இவருக்கு மூச்சு வாங்குகிறது. புல்மேட்டுக்கு நடந்து ஏறுவதென்றால் நல்ல கால் உள்ளவர்களுக்கே அரை நாள். ஜீப் போகக்கூடாது என்றால் இவர் இனிமேல் அந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு எதற்குக் கூட்டம்?

பிப்ரவரி 12

இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவுமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஷெட்டைத் திறந்து ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன். பேட்டரி படுத்துவிடக்கூடாதே என்று ஞாயிறுதோறும் செய்வதுதான். உள்ளேயிருந்து "சவுண்டு சரியா இருக்கா?" என்று கேட்டார். "உங்களை விட நல்லாவே இருமுது" என்றேன்.

எஞ்சின் ஓட ஓட, நான் பாட்டுக்கு உட்கார்ந்து பழைய கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று வந்தது என் அண்ணனுடைய ஜீப்பில். புல்மேட்டுக்கு ஏறும் வழியில் பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அண்ணன் கையைப் பிசைகிறான். கிளப்பில் அன்றுதான் சேர்ந்த ஒல்லி ஆள் ஒருத்தர் முன்னால் போய் நின்றார். "நீங்க இறங்குங்க, தங்கச்சி ஓட்டட்டும்" என்றார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அவர் பின்பக்கமாக நடந்துகொண்டே கையைக் காட்டினார். இடது, கொஞ்சம் இடது, நில், விடு. பாறைச் சரிவில் ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரம் தெரியாது. முன்னால் நிற்கிறவரின் கையைத்தான் நம்பவேண்டும். அந்தக் கையை நம்பி மேலே ஏறினேன். பிறகு அந்தக் கையையே பிடித்தேன்.

கிளப்பில் இவருக்குப் பெயரே கைகாட்டி. எத்தனை வண்டி வந்தாலும் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக எங்கள் ஜீப்பில் தொற்றிக்கொள்வார். மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் எஞ்சினை அணைப்போம். அந்த நிமிடத்தில் ஒரு அமைதி வரும் பாருங்கள் — நான் யாரிடம் 'பாருங்கள்' என்கிறேன்? டைரியிடமா? அந்த அமைதியில் காற்று புல்லைத் தடவிக்கொண்டு போகும். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுவோம். அதே டீதான் வீட்டிலும் போடுகிறேன். அந்த ருசி வரவேயில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மகள் வந்திருந்தாள். வாண்டு என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் முறைக்கிறாள். வனத்துறைக்காகப் புல்மேட்டில் செடி கொடிகளைக் கணக்கெடுக்கிற வேலை அவளுக்கு. வந்ததும் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, மூடணும்னு ரிப்போர்ட் எழுதினதே நான்தான். வேற யாராவது சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

எனக்குக் கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை.

"அது பொது நிலம். எல்லாருக்கும் சொந்தம்" என்றேன்.

"எல்லாருக்கும்னா இனிமே பொறக்கப்போறவங்களுக்கும்தாம்மா."

"பொறக்காதவங்களுக்கு இடம் இருக்கு, உங்கப்பாவுக்கு இல்லையா?"

அதோடு நான் நிறுத்தவில்லை. நாக்கு அப்படி. அந்த ஜீப்பின் பின்சீட்டில் ஸ்வெட்டருக்குள் சுருண்டு தூங்கித்தானே இவள் வளர்ந்தாள்? சக்கரப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகளைப் பிடித்து என் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்தது யார்? ஜீப் ஏற்றிக்கொண்டு போகாவிட்டால் இவளுக்கு ஒரு புல்லின் பெயராவது தெரிந்திருக்குமா? எல்லாவற்றையும் கேட்டேன்.

"தெரிஞ்சிருக்காதும்மா. அதனாலதான் சொல்றேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

இவர் மட்டும் "சாதம் ஆறுது, ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றார்.

பிப்ரவரி 21

அப்படிக் கத்தியிருக்கவேண்டாம். ஆனா நான் சொன்னதுல என்ன தப்பு? பெத்த அப்பாவை விடப் புல்லு பெரிசா போச்சா?

மார்ச் 2, ஞாயிறு

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை எல்லோருமாகப் போய்வரலாம் என்று கிளப்பில் முடிவு செய்தார்கள். மீசையும் மருந்துக் கடைக்காரரும் வந்து இவரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். மருந்துக் கடைக்காரர் நல்ல மனிதர். "வாரம் பூரா மத்தவங்க வியாதியைக் கேட்டுட்டே இருக்கேன்க்கா. ஞாயித்துக்கிழமை மேல போனாதான் நான் மனுஷன்" என்பார். அதுவும் உண்மைதானே?

நோய் வந்த பிறகு இவர் மேலே வருவது இதுதான் முதல் தடவை. சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொள்வேன் என்று ஒற்றைக் கையால் போராடி, ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பாறைச் சரிவில் மருந்துக் கடைக்காரர்தான் முன்னால் நின்று கை காட்டினார். இவருக்குப் பொறுக்கவில்லை. "அவன் காட்டறதைப் பார்க்காதே, இன்னும் கொஞ்சம் வலது" என்று பக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இரண்டு எஜமானர்களுக்கு நடுவே நான்.

அப்புறம் புல்மேடு வந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நாங்கள் முதலில் போனபோது அங்கே இரண்டு கோடுதான். ஒரு ஜீப்பின் இரண்டு சக்கரம் பதிந்த கோடு. மழைக்கு அது சேறாகிவிட்டால் அடுத்து வருகிறவர் அதில் வண்டியை இறக்கமாட்டார். மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் தொல்லையாயிற்றே. பக்கத்துப் புல்மேல் ஏற்றிக்கொண்டு போவார். அந்த இடம் சேறானதும் அதற்கடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். அது கெட்டிக்காரத்தனம் என்றுதான் கிளப்பில் எல்லோருக்கும் சொல்லித்தருவோம். பாறையில் அது சரியான பாடம். புல்லில் அதையே செய்து செய்து, இரண்டு கோடு இருந்த இடம் இன்று விளையாட்டு மைதானம் அகலத்துக்கு வெறும் மண்ணாகக் கிடக்கிறது. இவர் படுத்த பிறகும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கிளப்போடு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துவந்த எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் பார்க்காமல் வந்த இவருக்குத் தெரிந்துவிட்டது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல முதல்ல நாம வந்த கோடு எது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. "அதோ, அந்தப் பக்கம்னு நினைக்கிறேன்" என்றேன். பொய்தான்.

மருந்துக் கடைக்காரர் கையை ஆட்டி, புல்மேல் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். ஏற்றினேன்.

மார்ச் 9

மீசை வந்தார். "அக்கா, அண்ணனை வீல்சேர்ல முன்வரிசையில உட்கார வெச்சுட்டா போதும். நாம ஒரு வார்த்தை பேச வேண்டாம். அரங்கமே அழுதுடும்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "என் வீட்டுக்காரர் என்ன கண்காட்சியா? பேசணும்னா நான் பேசிக்கறேன், நீங்க டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றேன். டீ பாதியிலேயே நின்றது. பாவம், அவரும் நல்லதாகத்தான் நினைத்தார்.

மார்ச் 15, சனி

கூட்டம். இவர் வரவில்லை. வரச்சொல்லி நானும் கூப்பிடவில்லை.

மகள் மேடையில் நின்று படங்களைப் போட்டுக் காட்டினாள். அன்று ஒரு இடம், இன்று அதே இடம். அன்றைய படம் எங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்தது. ஓரத்தில் எங்கள் ஜீப்பின் பம்பர் தெரிந்தது. என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறாள். கோபப்படவேண்டும் என்று நினைத்தேன். படத்தில் புல் இடுப்பளவு நின்றது. கோபம் வரவில்லை. எப்படி இருந்த இடம்.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "அவ்வளவு ஆசையிருந்தா நடந்து போங்க, யார் வேண்டாம்னது?" என்றார். கைதட்டினார்கள். பாதிப் பேர்தான். கிளப் ஆட்கள் கூச்சல் போட்டார்கள்.

நான் எழுந்தேன். எழுதிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரால நடக்க முடியாது. அந்த இடத்துலதான் அவரை நான் முதல்ல பார்த்தேன். கிளப்புக்கெல்லாம் மூடிக்கோங்க, எனக்குக் கவலையில்ல. கால் இல்லாதவங்க போக ஒரு வழி வைங்க. பொதுன்னு சொல்லிட்டு, நடக்கறவங்களுக்கு மட்டும்தான்னா அது என்ன பொது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். மீசை என்னை முறைத்தார், கிளப்பைக் கைவிட்டுவிட்டேன் என்று.

மேடையில் இருந்த பெண் அதிகாரி குறித்துக்கொண்டார். மகள் தலை நிமிரவேயில்லை.

மார்ச் 16

அவளும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 22

முடிவு வந்துவிட்டது. புல்மேடு வண்டிகளுக்கு மூடப்பட்டது. விளிம்பில் கேட் போடுகிறார்கள். நடக்க முடியாதவர்கள் மட்டும், மழை ஓய்ந்த மாதங்களில், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வண்டியில் போகலாம்.

அந்தப் பெண் அதிகாரியே போன் செய்து சொன்னார். "உங்க பொண்ணு இதுக்காக எங்ககூட எவ்வளவு சண்டை போட்டாங்க தெரியுமா? அவங்க ரிப்போர்ட்டுக்கு எதிரா அவங்களே நின்னாங்க" என்றார்.

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன். அப்புறம் அவளைக் கூப்பிட்டேன். "வாண்டு" என்றேன். அவள் முறைத்திருந்தாலும் போனில் எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 30

நல்ல மழை. மேலே எப்படியிருக்கும் என்று இவர் கேட்டார். நனைஞ்சிருக்கும் என்றேன்.

அக்டோபர் 5

மருந்துக் கடைக்காரர் ஜீப்பை விற்றுவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். எங்கள் வீட்டிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பழைய பயணங்களையெல்லாம் ஒன்று விடாமல் பேசினார்கள். நானும்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

அனுமதி கிடைத்து இன்றுதான் போனோம். வேறு வண்டி இல்லை, முன்னால் நின்று கை காட்ட ஆளும் இல்லை. பாறைச் சரிவில் இவர் சீட்டில் இருந்தபடியே எட்டிப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, திட்டிக்கொண்டே ஏறினேன். கேட்டின் பூட்டைத் திறந்தேன். வண்டியில் ஏறி கியர் போட்டேன்.

"நிறுத்து" என்றார்.

வெறும் மண்ணாகக் கிடந்த இடம் முழுக்க விரல் நீளத்துக்குப் புல். அடர்த்தி இல்லை. நிறமும் இன்னும் சரியாக வரவில்லை. ஆனாலும் சக்கரப் பள்ளங்களுக்குள்ளேகூட முளைத்திருந்தது.

"ஒரு வண்டி போனா ஒண்ணும் ஆகாதுன்னு உங்க பொண்ணே சொல்லியிருக்கா" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"வேண்டாம்மா. இங்கிருந்தே பார்த்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதுக்கா நான் அத்தனை பேர் முன்னால கத்தினேன்? இதுக்கா பெத்த பொண்ணுகூட ஒரு மாசம் பேசாம இருந்தேன்? எல்லாவற்றையும் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவங்க நிறுத்தியிருந்தா எனக்குச் சாகற வரைக்கும் ஆறாது. இப்ப நானே நிறுத்தறேன். அது வேற."

எஞ்சினை அணைத்தேன். டீ குடித்தோம். வெயில் ஏறும் வரை அங்கேயே இருந்தோம். காற்றுக்கு ஆடும் அளவுக்குப் புல் இன்னும் வளரவில்லை.

கிளம்பும்போதுதான் உறைத்தது, வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். திருப்புவதென்றால் கேட்டுக்குள் போய்ப் புல்மேல்தான் திருப்பவேண்டும். இவர் என்னைப் பார்த்தார்.

ரிவர்ஸ் போட்டேன். சரிவு முடிகிற அகலமான வளைவு வரை, அந்தப் பாதை முழுவதும், பின்பக்கமாகவே இறங்கினோம்.

டிசம்பர் 8

இரண்டு பேருக்கும் கழுத்து திரும்பவில்லை. ஒருவருக்கொருவர் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"உள்ள வரைக்கும் போனீங்களாப்பா? எப்படி இருந்துச்சு?"

"புல்லு முளைச்சிருக்கு" என்றார் இவர்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தைலக் கையோடு ஸ்பீக்கரை அணைத்து, போனை இவர் காதில் வைத்துவிட்டு, நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.