'போதை' என்னும் சொல்லின் நான்காம் பொருளை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
முதுநிலை அட்டை எழுத்தர்,
சொற்பிரிவு, இரண்டாம் தளம்,
வழக்குச்சொல் அகராதி அலுவலகம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மேற்படி அலுவலகம், நான்காம் தளம்.

பொருள்: 'போதை' என்ற சொல்லுக்கு நான் எழுதிய நான்காம் பொருளை நீக்குதல், அதன் மூன்றாம் சான்று அட்டையை ரத்து செய்தல் – தொடர்பாக.

பார்வை: அட்டைப் பராமரிப்பு விதி 14, பிரிவுக் கண்காணிப்பாளர் நேற்று வாய்மொழியாகத் தெரிவித்த மறுப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இவ்வலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அட்டை எழுதி வருகிறேன். நான் கோபக்காரி என்பதும், ஒரு கால்புள்ளிக்காக மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாதவள் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆனால் இல்லாததை எழுதியவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. இந்த மனுவையும் அந்த நம்பிக்கையோடு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் பொறுப்பேற்று இரண்டு மாதமே ஆவதால் எங்கள் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் வாயிலிருந்து கேட்ட வாக்கியத்தை ஓர் அட்டையில் எழுதுவோம். கீழே சொன்னவரின் தொழில், வயது, வீட்டு முகவரி, கேட்ட தேதி. புதிதாக ஒரு பொருளைச் சேர்க்க மூன்று பேரின் அட்டை வேண்டும். சொன்னவர் இறந்துவிட்டால் அட்டையின் வலது மேல் மூலையை வெட்டி, வெட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். உயிரோடிருப்பவரின் அட்டைக்கு நான்கு மூலையும் இருக்கும்.

3. சென்ற ஆண்டு எனக்கு 'போதை' ஒதுக்கப்பட்டது. மயக்கம் ஒரு பொருள். மயக்கம் தரும் சரக்கே இரண்டாவது. "போதை விக்கிறான்" என்கிறார்களே, அது. பதவி போதை, புகழ் போதை மூன்றாவது. போதை ஏறும், இறங்கும், தெளியும். வேறு வினை அதற்கு வழக்கத்தில் அரிது. பழைய அறிவிப்புகளில் 'லாகிரி வஸ்து' என்று கண்டிருக்கிறது. இன்று அதைச் சொன்னால் சிரிப்பார்கள். பழக்கத்தில் விழுந்தவர்களோ பெரும்பாலும் இந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை. மருந்து என்பார்கள், பொருள் என்பார்கள். வீட்டார் "அந்தப் பழக்கம்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

4. அவர்கள் சொல்வதையே கேட்கலாமென்று, அனுமதி பெற்று, வியாழக்கிழமைகளில் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார்: "போதை ஏறலம்மா. வந்துச்சு. வந்து கட்டில்ல கால்மாட்டுல உக்காந்துச்சு." இரண்டு மாதம் கழித்துப் பெண்கள் பிரிவில் ஒரு தையல்காரம்மா: "போதைக்கும் சேத்து ஒரு தட்டு வைப்பேன். வைக்கலன்னா கோவிச்சுக்கும்." இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருவருமே அந்தச் சொல்லை ஓர் ஆளைப் போலப் பேசினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் அல்ல ஐயா, சந்தோஷத்தில். எந்த அகராதியிலும் இல்லாத பொருள். இன்னும் ஒரே ஓர் அட்டை வேண்டும்.

5. அந்த மூன்றாவது அட்டையை நான் என் வீட்டிலேயே எடுத்தேன். என் தம்பி மின்பணியாளன், முப்பத்தொரு வயது. பெற்றோர் போன பிறகு நாங்கள் இருவர்தான். சிகிச்சை முடித்து வந்து எட்டு மாதமாக எதையும் தொடவில்லை. ஒரு ஞாயிறு காலை சுவிட்ச் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னான்: "இப்பவும் வரும்க்கா போதை. வாசல் வரைக்கும் வரும். நான் உள்ள கூப்புடறதில்ல, அவ்வளவுதான்." ஓர் அக்கா அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்யவில்லை. பென்சிலைத் தேடினேன். அன்று மாலையே அட்டையை எழுதி, விதிப்படி எங்கள் வீட்டு முகவரியையும், கதவெண் உட்பட, தெளிவான கையெழுத்தில் குறித்தேன். நான்காம் பொருள் ஏற்கப்பட்டது: 'ஆளைப் போல வந்து போவது.'

6. சென்ற மாதம் 3ஆம் தேதி ஓட்டுநரின் அட்டையில் மூலை வெட்டியிருக்கக் கண்டேன். பதிவேட்டில் கையெழுத்து இல்லை. மருத்துவமனையில் கேட்டபோது, அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார், நேற்றுகூட வந்து மருந்து வாங்கிப் போனார் என்றார்கள். அலமாரிக் காப்பாளரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பாவம், கத்தரிக்கோலைப் பூட்டி வைத்த இழுப்பறையைத் திறந்து காட்டினார். 12ஆம் தேதி ஓட்டுநர் தூக்கத்திலேயே இறந்தார். ரத்தத்தில் எந்தப் பொருளும் இல்லை என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். துக்கம் விசாரிக்கப் போன என்னிடம் அவர் மனைவி, கட்டிலில் அத்தனை இடம் இருந்தும் கால்மாட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவு விட்டுச் சுருண்டு படுத்திருந்தார் என்று மட்டும் சொன்னார்.

7. 20ஆம் தேதி தையல்காரம்மாவின் அட்டையிலும் மூலை போயிருந்தது. அவர் அன்று தன் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 29ஆம் தேதி இறந்தார். தனியாக வாழ்ந்தவர். சமையலறையில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் ஈரம் காயவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

8. இந்த மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, என் தம்பியின் அட்டை. வெட்டு நேராக, சுத்தமாக இருக்கிறது. முன் இருவரும் இறந்தது வெட்டைக் கண்ட ஒன்பதாவது நாள் என்பதைத் தாங்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒன்பதாவது நாள் நாளை.

9. விதி 14இன்படி, அட்டை தவறாக வெட்டப்பட்டிருந்தால் சொன்னவர் நேரில் வந்து அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். பிறகு புது அட்டை எழுதலாம். ஆகவே நேற்று தம்பியை அழைத்து வந்தேன். வாயிற்காவலரின் வருகைப் பதிவேட்டில் எங்கள் வரிசையில் 'மூவர்' என்று இருக்கிறது. எண்ணத் தெரியாதா என்று அவரிடமும் சண்டை போட்டேன். அவர் என் முகத்தையும் எனக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு, பதிவை அடித்துத் திருத்தாமல் விட்டுவிட்டார். மேலே, நான் உட்கார்ந்த பிறகு, கண்காணிப்பாளர் உதவியாளரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். தம்பி ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். இரண்டு நாற்காலியும் வந்தன. ஏன் இரண்டு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

10. வாக்கியத்தைச் சொல்லுமாறு கண்காணிப்பாளர் இருமுறை கேட்டார். தம்பி பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். அவன் என் பக்கம் குனிந்து, சின்ன வயதில் பொய் சொல்ல வராதபோது பேசுவானே, அதே குரலில் சொன்னான்: "அது இப்ப உண்மை இல்லக்கா. வாசலத் தாண்டிடுச்சு. நான் கூப்புடவே இல்ல." அதே வாக்கியம் சொல்லப்படாததால் புது அட்டை கிடையாது என்றும், விதிப்படி அட்டைக்குரியவர் இறந்தவராகவே கருதப்படுவார் என்றும் கண்காணிப்பாளர் தெரிவித்தார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

11. தாங்கள் இதை ஒரு பெண்ணின் கலக்கம் என்று ஒதுக்கலாம். நான் கேட்பது ஒன்றே. அந்த மூவரும் அதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தவரை அது வந்தது, போனது. அவர்கள் அதோடு ஒரு மாதிரி சமாளித்து வாழ்ந்தார்கள். அதற்குப் பொருள் எழுதி, எண் போட்டு, கதவெண்ணோடு முகவரி எழுதிக் கொடுத்தது யார்? என் தம்பி எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தான். அவன் ஒரு நாளும் கூப்பிடவில்லை ஐயா. கூப்பிட்டவள் நான்.

12. ஆகவே, நான்காம் பொருளை அகராதியிலிருந்து நீக்கி, தம்பியின் அட்டையை என்னிடம் தர இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கப்பட்ட பொருளை நீக்கத் தங்களுக்கும் அதிகாரமில்லை என்றால், மூன்றாம் சான்றை மாற்ற மட்டுமாவது அனுமதி வேண்டும். மாற்று அட்டையை எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அதன் விவரம்:

சொன்னவர்: முதுநிலை அட்டை எழுத்தர், பெண், வயது 44.
முகவரி: வழக்குச்சொல் அகராதி அலுவலகம், இரண்டாம் தளம், சன்னலோர மேசை.
கேட்ட தேதி: இன்று.
வாக்கியம்: "அவன் வீட்ட விட்டுடு. இங்க வா, உள்ள வா, நான்தான் கூப்புடறேன்."

தங்கள் ஆணைக்காக மேசையிலேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
முதுநிலை அட்டை எழுத்தர்

நாள்: 17, செவ்வாய்க்கிழமை, காலை 11.10
இடம்: இரண்டாம் தளம்